மொத்த எடை கூடும்போதே வாளை அழியும்: மேட்டூர் மீனை வைத்து ஒரு கணக்கு

சேலத்து மீன் கடைகளில் டேம் மீன் என்றால் அது மேட்டூர் மீன். ஜிலேபியும் கெண்டை வகைகளும் ஒரு பக்கம், அவற்றைத் தின்று வளரும் வாளையும் விராலும் இன்னொரு பக்கம். ஒரே நீர்த்தேக்கம், ஒரே பரிசல், பல சமயம் ஒரே வலை. ஆண்டுக்கு எத்தனை டன் எடுக்கலாம் என்ற கேள்வியை இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துக் கேட்டால் பதில் தவறாகத்தான் வரும். ஏன் தவறு, எவ்வளவு தவறு என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். கீழே வரும் டன் அளவுகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, மேட்டூரின் பதிவேட்டிலிருந்து வந்தவை அல்ல. விகிதங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் இங்கே முக்கியம்.

கணக்கின் தொடக்கம் ஏட்ரியாட்டிக் கடல். உம்பெர்ட்டோ டாங்கோனா என்ற விலங்கியலாளர் ட்ரியஸ்டே, ஃபியூமே, வெனிஸ் மீன் சந்தைகளின் கணக்கைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தார். ஃபியூமேயில் விற்ற மீனில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு 1914இல் 11.9 சதவீதம். முதல் உலகப் போரால் மீன்பிடிப்பு படுத்துவிட்ட 1918இல் அது 36.4 சதவீதம். போர் முடிந்து படகுகள் திரும்பிய பிறகு, 1923இல் 10.7 சதவீதம். பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும்தானே கூட வேண்டும், வேட்டை மீன் மட்டும் ஏன் இப்படிக் கூடியது? இந்தக் கேள்வியைக் கணித அறிஞர் வீட்டோ வால்டெராவிடம் கொண்டுபோனார். 1926இல் வால்டெரா பதில் எழுதினார். ஆல்ஃபிரட் லோட்கா 1925லேயே அதே வடிவச் சமன்பாடுகளைத் தனியாக வெளியிட்டிருந்தார். அதனால்தான் லோட்கா-வால்டெரா மாதிரி என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வழங்குகின்றன.

நம் ஊருக்கு ஏற்றபடி எழுதினால் இப்படி வரும். கெ என்பது கெண்டையின் டன், வா என்பது வாளையின் டன்.

கெண்டை மாறும் வேகம் = ப × கெ − த × கெ × வா − பி1 × கெ
வாளை மாறும் வேகம் = உ × கெ × வா − ம × வா − பி2 × வா

ப என்பது கெண்டையின் பெருக்க வீதம், ஆண்டுக்கு 1.2 என்று வைப்போம். த என்பது வாளை தின்னும் வீதம், 0.02. தின்ற கெண்டை வாளையின் உடலாக மாறும் வீதம் உ, 0.004. ம என்பது வாளையின் இயற்கை மடிவு, 0.6. பி1, பி2 இரண்டும் பிடிப்பு வீதங்கள்.

எண் எழுதும்போதே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, உ வகுத்தல் த. இங்கே 0.004 / 0.02 = 0.2, அதாவது ஐந்து கிலோ கெண்டை தின்றால் ஒரு கிலோ வாளை. இந்த விகிதம் ஒன்றைத் தாண்டினால் தின்றதைவிட அதிகமாக உடம்பு வளர்வதாக ஆகிவிடும். இணையத்தில் கிடைக்கும் பல மாணவர் புராஜெக்டுகளில் இந்த ஓட்டை இருக்கிறது. எல்லா எண்ணையும் ஒன்று, அரை என்று வசதிக்குப் போட்டுவிடுவதால் வருகிற வினை. இரண்டாவது, பிடிப்பு வீதம் 0.3 என்றால் ஆண்டுக்கு 30 சதவீதம் மீன் எடுக்கிறோம் என்று பொருள் அல்ல. அது நொடிக்கு நொடி நடக்கும் கழிவு. வேறு வரவும் செலவும் இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் குறைந்திருப்பது 25.9 சதவீதம். நிஜமாகவே 30 சதவீதம் குறைய வேண்டுமென்றால் வீதம் 0.357.

இரண்டு வேகமும் பூச்சியமாகும் இடத்தைத் தேடினால்:

கெ = (ம + பி2) / உ
வா = (ப − பி1) / த

பிடிப்பே இல்லாதபோது கெண்டை 150 டன், வாளை 60 டன். இரண்டையும் 0.3 வீதத்தில் பிடித்தால் கெண்டை 225, வாளை 45. பிடித்த பிறகு கெண்டை கூடியிருக்கிறது. மொத்தத்தில் வாளையின் பங்கு 28.6 சதவீதத்திலிருந்து 16.7க்கு இறங்கியிருக்கிறது. திருப்பிப் படித்தால் அதுதான் டாங்கோனாவின் போர்க்கால சந்தை: பிடிப்பை நிறுத்தினால் வேட்டை மீனின் பங்கு ஏறும். இந்த மாதிரியில் எண்ணிக்கைகள் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு முழுச் சுற்றின் சராசரி துல்லியமாக மேலே சொன்ன அளவுகள்தான்.

அந்தச் சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். கெண்டையின் அளவில் கெண்டையின் பெருக்க வீதமும் இல்லை, கெண்டைப் பிடிப்பும் இல்லை. அதைத் தீர்மானிப்பது வாளையின் பசியும் வாளைக்கு வரும் சாவும்தான். வாளையின் அளவைத் தீர்மானிப்பது கெண்டையின் பெருக்கம். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஆனால் இந்த மூல மாதிரியை அப்படியே நம்பி வலை வீச முடியாது. கெண்டை எல்லையில்லாமல் பெருகும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நீர்த்தேக்கத்துக்கு ஒரு தாங்கு அளவு உண்டு. அதை தா என்று வைத்து 400 டன் என்போம். பெருக்கம் ப × கெ × (1 − கெ / தா) என்று மாறும். கெண்டையின் நிலை அளவு மாறாது, வாளையின் அளவு மட்டும் மாறும்:

வா = (ப × (1 − கெ / தா) − பி1) / த

பிடிப்பு இல்லாமல் கெண்டை 150, வாளை 37.5. இரண்டுக்கும் 0.3 என்றால் 225, 11.25. 0.4 என்றால் 250, 2.5. பிடிப்பு 0.43ஐத் தொடுவதற்குள் (சரியாக 3/7இல்) வாளை பூச்சியம். கெண்டையோ 1.2 வரை தாங்கும். ஒரே வலையால் இரண்டையும் எடுக்கும்போது வேட்டை மீன் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பிலேயே போய்விடுகிறது.

இப்போது மொத்தப் பிடிப்பைக் கணக்கிடுங்கள். 0.3இல் ஆண்டுக்கு சுமார் 70.9 டன். 0.4இல் 101 டன். 0.5இல் வாளை நிலைக்காது, கெண்டை மட்டும் 116.7 டன். 0.6இல் 120 டன், அதுதான் உச்சம். மொத்த டன்னை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு 0.3இலிருந்து 0.6 வரை எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரியும். கணக்குப் புத்தகத்தில் வளைவு ஏறிக்கொண்டே போகும், வாளை அந்த ஏற்றத்துக்குள்ளேயே காணாமல் போயிருக்கும். வாளைப் பிடிப்பின் உச்சம் எங்கே என்று தனியாகத் தேடினால் 0.214. அங்கே வாளை ஆண்டுக்கு 4 டன், கெண்டை 43.6 டன். மொத்த எடையின் உச்சமும் வாளையின் உச்சமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலகி நிற்கின்றன.

அதைவிடக் கவலை தருவது காலம். பிடிப்பை 0.5க்கு ஏற்றினால் வாளை உடனே மறையாது. கெண்டை 233 டன்னில் நிற்க, வாளையின் நிகர வளர்ச்சி 0.933 − 1.1, அதாவது ஆண்டுக்கு −0.167. பாதியாகக் குறையவே நாலு ஆண்டுக்கு மேல் ஆகும். எப்போதாவது ஒரு பெரிய வாளை வலையில் விழுந்துகொண்டே இருக்கும், மொத்த எடையும் நன்றாக இருக்கும், எல்லாம் சரியாகத்தான் போகிறது என்ற எண்ணம் வரும். வேட்டை மீனின் சரிவை இவ்வளவு மெதுவாக்கிக் காட்டுவதுதான் இந்த அமைப்பின் ஆபத்து.

வலையின் கண்ணி அளவு பி1, பி2 இரண்டையும் தனித்தனியாக நகர்த்தும். மேலே உள்ள எண்களுக்கு, பி2ஐ 0.1 கூட்டினால் வாளை 3.75 டன் குறையும், கெண்டை 25 டன் கூடும். பி1ஐ 0.1 கூட்டினால் கெண்டை நிலை அளவில் மாறாது, வாளை 5 டன் குறையும். வாளையை நேராகப் பிடிப்பதைவிட, அதன் இரையைப் பிடிப்பது வாளையை அதிகம் குறைக்கிறது! ப / (தா × உ) என்ற விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை இது நடக்கும், இங்கே 0.75. அதனால் கண்ணியை மாற்றி வாளையை விட்டுவிட்டோம் என்று மட்டும் சொல்லி நிம்மதியடைய முடியாது.

மேட்டூருக்கே உரிய ஒரு சிக்கல் நீர்மட்டம். முழு மட்டம் 120 அடி, அப்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரியில் வரத்து குறைந்து பரப்பு பாதியாகச் சுருங்கும் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தாங்கு அளவு 200 டன்னாகும். மீன்கள் நெருங்கி நிற்பதால் த, உ இரண்டும் இரட்டிப்பாகும். அதே பரிசல், அதே வலை, ஆனால் இரட்டைப் பிடிப்பு வீதம். வாளை தாங்கும் எல்லை மட்டும் அதே 0.43. கணக்குப் போட்டுப் பாருங்கள், நெருக்கம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். முழு மட்டத்தில் பாதுகாப்பாக இருந்த 0.3, பாதிப் பரப்பில் 0.6 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். ஒரு சில மாதத்தில் வாளை அழியாது, அங்கே வேகம் ஆண்டுக்கு −0.4 அளவில்தான். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டு மட்டம் ஏறாவிட்டால்தான் பாதிப்பு பெரிது. பரிசல் எண்ணிக்கையைப் பரப்போடு சேர்த்துக் குறைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து வரும் நேரடி முடிவு. வற்றிய அணையில் மீன் அள்ளுகிறது என்று பரிசல் கூடுவது இதற்கு நேர் எதிர்.

குஞ்சு விடுவதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 10 டன் அளவுக்குக் கெண்டைச் சேர்ப்பு இருந்தால் முதல் சமன்பாட்டில் + 10. வாளை உயிரோடு இருக்கும்வரை கெண்டையின் நிலை அளவு (ம + பி2) / உ தானே, அது அசையாது. 0.3 பிடிப்பில் கெண்டை அதே 225, வாளை 11.25இலிருந்து 13.5க்கு ஏறும். விட்ட குஞ்சு முழுக்க வாளையின் வயிற்றுக்குப் போகிறது என்கிறது மாதிரி. இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்லா, ரோகு ஓர் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் வாளையின் வாய்க்குள் அடங்காது, நம் மாதிரியில் மீனுக்கு உருவ அளவே கிடையாது. குஞ்சின் நீளம் முக்கியமாகும் கேள்விக்குச் சிறிசு, பெரிசு என்று கெண்டையை இரண்டு வகுப்பாகப் பிரித்து மூன்று சமன்பாடு எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு திருத்தமும் தேவை. வாளைக்கு வயிறு நிறையும். கெண்டை எவ்வளவு இருந்தாலும் ஒரு நாளில் இவ்வளவுதான் தின்னும். 1959இல் சூழலியலாளர் ஹாலிங் தந்த இரண்டாம் வகைச் சார்பு இதைத்தான் சொல்கிறது: உணவால் வரும் வளர்ச்சி = உச்ச வீதம் × கெ / (அரை அளவு + கெ). அரை அளவு என்பது இந்த வளர்ச்சி உச்ச வீதத்தில் பாதியாகும் கெண்டை அளவு. உச்ச வீதம் 1.5, அரை அளவு 100 டன், தா 400 என்று வைத்தால் கதை மாறுகிறது. வாளையைப் பிடிக்காதபோது கெண்டையின் நிலை அளவு 66.7 டன். கெண்டையின் வேகம் பூச்சியமாகும் இடங்களை வரைந்தால் வரும் வளைகோட்டின் முகடு (தா − அரை அளவு) / 2 = 150 டன். நிலை அளவு அதற்கு இடது பக்கம் விழுவதால் நிலையற்றது. இரண்டு கூட்டமும் பெரிய ஏற்றஇறக்கத்தில் சுற்றும். பி2 0.3ஐத் தாண்டினால் நிலை அளவு முகட்டின் வலப்பக்கம் போய் ஆட்டம் அடங்கும். 0.6இல் வாளை இல்லாமல் போகும். வாளையை அளவோடு பிடிப்பது அமைப்பை அமைதிப்படுத்தும் ஓர் இடைவெளி இருக்கிறது என்பது இதன் பொருள். வயிறே நிறையாத முந்தைய நேர்கோட்டு மாதிரி இதைக் காட்டவே காட்டாது. அதே சமயம், ஏரிக்கு உரம் சேர்ந்து தா கூடினால் முகடு வலப்பக்கம் நகர்ந்து, அமைதியாக இருந்த அமைப்பு ஆடத் தொடங்கும். சூழலியலாளர் ரோசன்ஸ்வெய்க் 1971இல் காட்டியது இதைத்தான்.

ஆண்டுக்கு இத்தனை டன் என்று நிலையான ஒதுக்கீடு வைப்பது வீதம் வைப்பதிலிருந்து முற்றிலும் வேறு. வாளை இல்லாத கெண்டைக்கே 100 டன் ஒதுக்கீடு வைத்தால் 281.6, 118.4 என்று இரண்டு நிலை அளவு வரும். மேலே உள்ளது நிற்கும், கீழே உள்ளது விளிம்பு. ஒரு மோசமான ஆண்டில் 118க்குக் கீழே போனால் அதே 100 டன் மீதியையும் துடைத்துவிடும். வீதமாகப் பிடித்தால் மீன் குறையும்போது பிடிப்பும் தானாகக் குறையும். ஒதுக்கீட்டில் அந்தக் காப்பு இல்லை.

எக்செல்லில் போட விரும்புபவர்களுக்கு. எல்லோரும் முதலில் செய்வது, பழைய மதிப்போடு வேகம் × கால அடி கூட்டுவது. மூல மாதிரியில் இது தவறான படம் தரும். சுற்றுக்காலம் 7.4 ஆண்டு. கால அடி 0.1 ஆண்டு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டத்தின் வீச்சு சுமார் 30 சதவீதம் பெருத்துவிடும், 0.01 வைத்தாலும் 2.7 சதவீதம். மாதிரி நிலையற்றது என்று எழுதிவிடுவார்கள், பெருக்கியது கணக்கு முறை. மாற்று எளிது:

புதிய கெ = பழைய கெ × எக்ஸ்ப்(கால அடி × (ப × (1 − பழைய கெ / தா) − த × பழைய வா − பி1))
புதிய வா = பழைய வா × எக்ஸ்ப்(கால அடி × (உ × புதிய கெ − ம − பி2))

இரண்டாவது வரியில் புதிய கெ போடுவதுதான் சூட்சுமம். எக்ஸ்ப் (எக்செல்லின் EXP) இருப்பதால் எந்த எண்ணும் எதிர்மறை ஆகாது. மூல மாதிரிக்கு தா பகுதியை எடுத்துவிடுங்கள், கெண்டைக்கு எதிராக வாளையை வரைந்தால் வரும் வளையம் மூடியே இருக்கும். கால அடி 0.05 போதும். சோதனைக்கு: மூல மாதிரியில் பிடிப்பு இல்லாமல் 150, 60இல் தொடங்கினால் அசையக் கூடாது, 165, 60இல் தொடங்கினால் 7.4 ஆண்டில் திரும்பி வர வேண்டும். தா 400, இரு பிடிப்பும் 0.3 வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டில் 225, 11.25இல் அமர வேண்டும். வாளை 0.001 டன்னுக்குக் கீழே போனால் அது ஒரு கிலோ மீன் ஒன்றுகூட இல்லை என்று பொருள், அங்கேயே பூச்சியமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் அரைக்கால் வாளையிலிருந்து கூட்டம் மறுபடி எழுந்து வருவதாகப் படம் காட்டும்.

இந்தக் கணக்கு மீனோடு நிற்பதில்லை. ஆத்தூர், வாழப்பாடி பக்கம் மரவள்ளி போடுபவர்களுக்கு இது இன்னும் நெருக்கம். மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு இங்கேயும் பரவியது. ஆப்பிரிக்காவில் 1980களில் இதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். மாவுப்பூச்சியைக் கெண்டை என்றும் குளவியை வாளை என்றும் வையுங்கள். பூச்சிமருந்து அடிப்பது இரண்டையும் ஒரே வலையில் பிடிப்பது போலத்தான்.

எண் போட்டுப் பார்ப்போம். மூல மாதிரியின்படி, முப்பது நாளுக்கு ஒருமுறை அடிக்கும் மருந்து குளவியில் 90 சதவீதத்தைக் கொல்கிறது என்றால் பி2 = நாளுக்கு 2.303 / 30 = 0.077. குளவியின் இயற்கை மடிவு நாளுக்கு 0.1 என்று வைத்தால் மாவுப்பூச்சியின் சராசரி 0.1 / உ என்பதிலிருந்து 0.177 / உ ஆகிறது. 77 சதவீதம் கூடுதல். மருந்து மாவுப்பூச்சியை எத்தனை சதவீதம் கொன்றது என்பது இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. அடித்த மறுநாள் செடி சுத்தமாகத் தெரியும், அதை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உடம்பு மேல் மெழுகு பூசிய மாவுப்பூச்சிக்கு ஒரு கவசம் இருக்கிறது, குளவிக்கு அது இல்லை. பூச்சியின் உடலுக்குள் வளரும் குளவிப் புழுவும் பூச்சியோடு சேர்ந்தே சாகும்.

விதிவிலக்கும் சொல்லிவிட வேண்டும். குளவியை முழுவதுமாகத் துடைத்துவிட்டு மருந்தை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது, அப்போது மருந்து ஒன்றே கட்டுப்பாடு. குளவி வராத தோட்டத்துக்கும் இது பொருந்தாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் எறும்பு இன்னொரு கோணம்: மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். கணக்கில் இது த, உ இரண்டும் சுருங்குவது. உ பாதியானால் பூச்சியின் சராசரி நேராக இரட்டிப்பு. மருந்து தெளிக்காமல் எறும்பின் ஏற்றத்தை மட்டும் தடுப்பது ஏன் பலன் தருகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

கடைசியாக, எண்களை எங்கிருந்து எடுப்பது. பிடிப்பு இல்லாத காலத்தின் சராசரி அளவுகள் தெரிந்தால் கிடைப்பது இரண்டு விகிதங்கள்தான்: ம / உ, ப / த. சிறிய ஏற்றஇறக்கத்தின் சுற்றுக்காலம் தெரிந்தால் ப × ம கிடைக்கும். நாலு எண்ணுக்கு மூன்று சமன்பாடு. நாலாவதைத் தனியாக அளந்தே ஆக வேண்டும், வயது வாரியாக வாளையின் எண்ணிக்கையைப் பிரித்து மடிவைக் கண்டுபிடிப்பது வழக்கமான வழி. கணினி நாலையும் பொருத்திக் கொடுத்துவிடும், வளைவும் அழகாகப் படியும். ஆனால் இந்த மூன்று தகவல் மட்டும் இருந்தால் வேறு நாலு எண்ணும் அதே அழகில் படியும்.

பதிவு எழுதும்போது மொத்த எடை ஒரு பத்தி, வாளை விரால் எடை தனிப் பத்தி, அன்று எத்தனை பரிசல், எத்தனை மணி நேரம் வலை கிடந்தது, கண்ணி அளவு, அணை மட்டம். ஒரு பரிசலுக்கு ஓர் இரவில் இத்தனை கிலோ வாளை என்ற எண்ணை மட்டத்தின்படி பரப்புக்குத் திருத்தி, அதன் இயல் மடக்கையை (எக்செல்லில் LN) ஆண்டு வாரியாக வரைந்தால் சாய்வு நேராகவே வாளையின் வளர்ச்சி வீதம். அது ஆண்டுக்கு −0.1, −0.2 என்று தொடர்ந்து நாலைந்து ஆண்டு நின்றால், மொத்த டன் எவ்வளவு ஏறியிருந்தாலும், வலையைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.